குடுவைக்குள் வந்த மாடு

இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக நான்கு மாதங்கள் உழைத்து நான் கண்டுபிடித்தது மார்பகப் புற்றுநோயைப் பற்றிய செய்தி அன்று; ஒரு மாட்டைப் பற்றிய செய்தி. பேரவைத் தோழர்கள் இதைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். பிறகு, “அது எப்படி?” என்று கேட்டார்கள். அவர்களுக்கு உணவகத்தில் அரைகுறையாகச் சொன்ன விளக்கத்தை இங்கே முழுமையாக எழுத முயல்கிறேன்.

நம் உடலின் உயிரணுக்கள் மிகச் சிறிய குமிழ்களை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் எக்ஸோசோம் எனப்படும் வகை ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் விட்டம் கொண்டது. ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் இவற்றில் பல நூறு குமிழ்களை வரிசையாக அடுக்கிவிடலாம். கனடாவின் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவினர் 1983-இல் செம்மறி ஆட்டின் முதிராத சிவப்பணுக்களில் இவற்றை ஆராய்ந்தனர். 1987-இல் எக்ஸோசோம் என்ற பெயரும் வழங்கலாயிற்று. உயிரணு தன் குப்பையைக் கொட்டும் வழி இது என்றுதான் அன்று பலரும் எண்ணினர். 2007-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள் அக்குமிழ்களுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டினர். குப்பை என்று நினைத்தது கடிதமாக மாறியது! ஒரு புற்றுக்கட்டி அனுப்பும் கடிதத்தை இரத்தத்திலேயே படித்துவிட முடிந்தால், நோயை முன்கூட்டியே அறியலாம் அல்லவா? என்னை இத்துறைக்கு இழுத்ததும் அந்த ஆசைதான்.

சிக்கல் உயிரணுக்களுக்கு நாம் ஊட்டும் உணவில் இருக்கிறது. உயிரணுக்களைக் குடுவையில் வளர்க்கச் சர்க்கரை, உப்புகள், அமினோ அமிலங்கள் கலந்த நீர்மம் வேண்டும். அதை வளர்ப்பு ஊடகம் என்போம். அது மட்டும் போதாது. பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு சீரம் சேர்ப்பார்கள். சினைப் பசுவை அறுக்கும்போது அதன் வயிற்றிலுள்ள கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது அந்தச் சீரம். (முதல் முறை இதை அறிந்தபோது எனக்கு மனம் சங்கடப்பட்டது. வீட்டில் பாட்டியிடம் இன்றுவரை சொல்லவில்லை.) வளர்ச்சிக்கு வேண்டிய புரதங்கள் அதில் நிறைய உண்டு. கூடவே, அந்தக் கன்றின் குமிழ்களும் ஆர்.என்.ஏ.வும் உண்டு.

மனித ஆர்.என்.ஏ.வையும் மாட்டு ஆர்.என்.ஏ.வையும் பிரித்து அறிய முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். நீளமானவற்றில் ஓரளவு முடியும். ஆனால் நாங்கள் தேடும் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறக்குறைய 22 எழுத்துகளே கொண்டது. பரிணாமம் இவற்றுள் பலவற்றை அப்படியே காத்து வைத்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, மைக்ரோ ஆர்.என்.ஏ. 122 மனிதனிலும் மாட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. கருவிக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

நான் மாட்டிக்கொண்டதும் அந்த 122-இல்தான். அது கல்லீரலுக்கு உரியது. என் மார்பகப் புற்று உயிரணுக்களின் குமிழ்களில் அது தெளிவாகத் தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘எதிர்பாராத கண்டுபிடிப்பு’ என்று அத்தியாயத் தலைப்புகூட எழுதிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் முதுகலை படிக்கும் அக்கா ஒருவர் முடிவுகளைப் பார்த்துவிட்டு, “தம்பி, செல் போடாத மீடியாவ ஓட்டிப் பாத்தியா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். நான் பார்க்கவில்லை.

சீரத்தைத்தான் சுத்தம் செய்துவிட்டோமே என்ற துணிச்சல் எனக்கு. புவியீர்ப்பைப் போல் 100,000 மடங்கு விசையில் இரவு முழுக்கச் சுழற்றினால் கன்றின் குமிழ்கள் அடியில் படிந்துவிடும்; மேலே உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 18 மணி நேரம் சுழற்றினால் சீரத்தின் ஆர்.என்.ஏ. தாங்கிய குமிழ்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீங்கும் என்றது. எஞ்சிய ஐந்தை நான் பொருட்படுத்தவில்லை. 2016-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், இப்படிச் சுழற்றிய பின்னும் சீரத்தின் ஆர்.என்.ஏ. முழுமையாக நீங்குவதில்லை என்று எழுதியிருந்தார்கள். 122 அதில் மிகுதியாக இருக்கும் ஒன்று என்பதையும் அக்கட்டுரையில்தான் படித்தேன். ஆய்வைத் தொடங்கும் முன் படித்திருக்க வேண்டியது!

ஏன் நீங்குவதில்லை? இரத்தத்தில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. எல்லாம் குமிழுக்குள் இருப்பதில்லை. ஆர்கோனாட் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு தனியே திரிவதே மிகுதி என்று 2011-இல் காட்டப்பட்டது. குமிழைவிட மிகச் சிறிய அக்கூட்டு எளிதில் அடியில் படியாது. அதே புரதம் அதைச் சிதையாமலும் காக்கும். அப்படியானால் சீரமே இல்லாத ஊடகம்? நானும் அப்படித்தான் கேட்டேன். 2019-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலிருந்து அதற்கும் பதில் வந்துவிட்டது: சீரத்துக்குப் பதிலாகச் சேர்க்கும் துணைப்பொருள்களிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறது, குமிழ்களோடு சேர்ந்தே வருகிறது. தவிர, சீரத்தைத் திடீரென நிறுத்தினால் உயிரணுக்களின் நடத்தையே மாறும்.

ஆகவே, உயிரணு இல்லாத வெறும் ஊடகத்தை அதே வெப்பத்தில், அதே நேரம் வைத்து, அதே படிநிலைகளில் ஓட்டி ஒப்பிட வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் இரண்டு தொட்டிகளில் பச்சைப்பயறு நட்டு, ஒன்றுக்கு மட்டும் நீர் ஊற்றினோம். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனப்பாடமாக ஒப்புவிப்பேன். இடைநிலைப்பள்ளியில் அதையே மலாய் மொழியில் ‘பெம்போலே ஊபா’ என்று படித்தேன். இரண்டு மொழியில் படித்தும் இரண்டாம் தொட்டியை மறந்தேன்.

மறுபடியும் செய்தேன். 122-ஐப் பொறுத்தவரை உயிரணு இருந்த குடுவை, வெறும் குடுவை இரண்டிலும் ஏறக்குறைய 27-ஆவது சுழற்சியில் ஒளி தெரிந்தது. என் ‘கண்டுபிடிப்பு’ அத்தனையும் கன்றுடையது. ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. 21 உயிரணுக் குடுவையில் 22-இலும் வெறும் குடுவையில் 30-இலும் தெரிந்தது. ஒவ்வொரு சுழற்சியும் இருமடங்கு என்பதால் எட்டுச் சுழற்சி என்பது சுமார் 256 மடங்கு. அது மட்டும் தப்பியது.

மேற்பார்வையாளரிடம் தலைகுனிந்து போனேன். அவர் வெறும் குடுவையின் முடிவுகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதையும் ஆய்வேட்டில் போடு, பின்னிணைப்பில் வேண்டாம், முதல் வரைபடமாகவே போடு என்றார். இப்போது அந்த வரைபடத்தைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.