உறைக்குள் வைத்த இலக்கு

லாச்சப்பல் நிலையத்தில் மெத்ரோ நிலத்துக்குக் கீழே ஓடுவதில்லை. இரண்டாம் இலக்க ரயில் அங்கே பாலத்தின்மேல் ஏறி ஓடுகிறது. ஆராதனை முடிந்து மரக்கறி வாங்க இறங்கும் எங்கள் குடும்பங்களுக்கு, யன்னலால் பார்த்தால் ஃபோபூர் சாந்தெனி வீதியின் தமிழ்ப் பலகைகள் வரிசையாகத் தெரியும். புடவைக் கடை, நகைக் கடை, பலசரக்குக் கடை, பணம் அனுப்பும் கடை. இந்தத் தெருவில் என்ன தொழில் செய்து பிழைக்கலாம் என்று எங்கள் பெற்றோரைக் கேட்டால் விரல் மடித்துச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் எழுத்து இருக்காது.

இரண்டு வருடங்களுக்கு முன் வாலிபர் கூடுகையில், வருடத்தின் முதல் சனிக்கிழமை, எல்லாரிடமும் ஒரு கடித உறையைக் கொடுத்து, இந்த வருடத்துக்கான இலக்கை எழுதி ஒட்டித் தரச் சொன்னோம். சாரதி அனுமதிப் பத்திரம், பல்கலைக்கழகம், உடல் எடை என்று பலதும் வந்தன. விருப்பமுள்ளவர்கள் வாசித்துக் காட்டலாம் என்றபோது இருபத்திரண்டு வயதுத் தங்கை ஒருத்தி எழுந்து வாசித்தாள்: "டிசம்பருக்குள் ஒரு நாவல். இருபத்தைந்து வயதுக்குள் எழுத்து மட்டுமே என் தொழில்." நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். பின்வரிசையில் இருந்த அவளுடைய தகப்பனார் தட்டவில்லை. தேநீர் நேரத்தில் எங்களிடம் வந்து, "இருபது வருஷம் நான் கோப்பை கழுவினது பிள்ளை பட்டினி கிடக்கிறதுக்கோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்த வருடம் முடிந்தபோது அவளிடமும் இருக்கவில்லை. ஒரு வியாபார நிறுவனத்துக்கு இணையத்தள வாசகங்கள் ஒன்பது பக்கம் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிக் கொடுத்திருந்தாள். விலை பேசவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. "பிறகு பார்ப்போம்" என்றவர்கள் பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை. நாவலில் பதினாறு பக்கம். அதன்பின் மூன்று மாதம் ஒரு வரியும் இல்லை. ஜனவரியில் உறையைத் திறக்க அவள் வரவும் இல்லை.

அது எங்களைச் சுட்டது. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றிய உவமையை ஞாயிறு பள்ளியிலிருந்தே படித்தவர்கள் நாங்கள். அவள் எழுந்து நின்றபோது கைதட்டினோமே தவிர, ஒருவரும் அவளோடு உட்காரவில்லை. எனவே இந்தமுறை உட்கார்ந்தோம். அவள், அவளுடைய தகப்பனார், நாங்கள் நான்கு பேர், ஒரு கொப்பி.

முதலில் அங்கிளின் கேள்வியையே எடுத்தோம். எழுத்து சோறு போடுமா? தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை 300 இந்திய ரூபாய், எழுத்தாளருக்குப் பத்து வீதம், அச்சடித்தது 500 பிரதி என்று வைத்தால், எல்லாம் விற்றாலும் 15,000 ரூபாய். யூரோவில் நூற்றைம்பது அளவு வரும். ஒரு வருட உழைப்புக்கு அது! அங்கிள் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. தமிழில் நாவல் எழுதுவது ஒரு பெரிய இலக்கு, ஆனால் வாடகை கட்டும் வழி அது அல்ல என்பதை முதலில் எழுதி வைத்தோம். இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டதுதான் முதல் வருடத்தின் பிழை என்று எங்களுக்குப் படுகிறது.

இந்த ஊரிலேயே அதற்கு ஒரு சாட்சி உண்டு. ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதும் அந்தோனிதாசன் யேசுதாசன் 1967இல் யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் பிறந்தவர், சிறுவனாக இயக்கத்துக்குப் போய் விலகியவர், 1993இல் அகதியாகப் பிரான்ஸுக்கு வந்தவர். கோப்பை கழுவினார், சமைத்தார், பல்பொருள் அங்காடியில் நின்றார், ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கினார். முதல் நாவல் 'கொரில்லா' 2001இல் வந்தபோது அவர் இங்கே வந்து எட்டு வருடம். இரண்டாவது, 'ம்', 2004இல் வந்தது. அடுத்த நாவலான 'பாக்ஸ் கதைப் புத்தகம்' 2015இல்தான். இடையில் பதினொரு வருடம், சிறுகதைகள் வந்துகொண்டிருந்தன. அதே 2015இல் அவர் முக்கிய பாத்திரத்தில் நடித்த 'தீபன்' படம் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது, அடுத்த வருடம் சேசார் விருதுக்கு நடிகராகவும் அவர் பெயர் போனது. அந்தப் புகழ் எந்த உறையிலும் எழுதி வைத்து வந்ததல்ல. எழுதி வைக்கக்கூடியதாக இருந்தது அடுத்த கதை ஒன்றுதான். அவருடைய அரசியலோடு எங்கள் வீடுகளில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோப்பைத் தொட்டிக்கும் நாவலுக்கும் நடுவில் எத்தனை வருடம் கிடக்கிறது என்று பார்க்க அவரைவிடக் கிட்டடியான ஆள் எங்களுக்கு இல்லை.

அங்கிளுக்கு இன்னொரு கோப்பை கழுவியவரின் கதையும் சொன்னோம். ஜோர்ஜ் ஓர்வெல் 1928இல் எழுத்தாளராகும் எண்ணத்தோடு இதே பாரிஸுக்கு வந்து, பந்தியோனுக்குப் பின்னால் போத் டி ஃபேர் வீதியில் மலிவு அறையில் இருந்தார். இரண்டு நாவல் எழுதினார், ஒன்றும் அச்சேறவில்லை. தொழில்முறையாக வெளிவந்த முதல் கட்டுரையை ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகை அந்த வருடம் ஒக்ரோபரில் போட்டது. 1929இல் காசு முடிந்து ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறையில் பாத்திரம் கழுவினார். அந்த வாழ்க்கையை எழுதிய புத்தகத்தை இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அது 1933 ஜனவரியில் வெளிவந்தது. "அப்ப அவருக்கும் முதல் வருஷம் ஒண்டும் சரிவரேல்லை" என்றார் அங்கிள். நாங்கள் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார்.

பிறகு வேலையின் உள்விபரத்துக்கு வந்தோம். இதில்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் இடறுகிறார்கள், எனவே கொஞ்சம் நின்று சொல்கிறோம்.

பிரான்ஸில் எழுதிச் சம்பாதிக்கும் காசு எல்லாம் ஒரே வாசலால் வருவதில்லை. பத்திரிகைக்குச் செய்தியோ கட்டுரையோ எழுதினால் நீங்கள் 'பிஜிஸ்த்'. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பத்திரிகையாளர். 1974ஆம் வருட சட்டம் ஒன்று அப்படிப்பட்டவரையும் சம்பளக்காரராகவே கருதச் சொல்கிறது. அதாவது அந்தக் காசு சம்பளச் சீட்டோடு வரவேண்டும். ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்புக்கும் அதிலிருந்து கழிக்கப்பட வேண்டும். "நீயே ஒரு பில் போட்டு அனுப்பு" என்று ஒரு பத்திரிகை சொன்னால் அங்கே ஒருதரம் நின்று யோசியுங்கள். புத்தகம் எழுதினால் வருவது ஆசிரிய உரிமைத் தொகை, அதற்குத் தனி முறை. கடைக்கும் நிறுவனத்துக்கும் வாசகம் எழுதுவது, மொழிபெயர்ப்பது போன்றவற்றுக்கு 2009இல் தொடங்கிய சிறுதொழில் முறை இருக்கிறது. இன்று அதை மைக்ரோ ஆந்த்ரப்ரனர் என்கிறோம். பதிவு இலவசம். பதிந்ததும் தபாலில் அரச கடிதம் போலவே காசு கேட்டு வரும் தாள்கள் உண்டு, அவற்றைப் பார்த்துப் பயந்து கட்டிவிடாதீர்கள். ஆனால் பதிந்தபின் மாதத்துக்கோ காலாண்டுக்கோ வருமானத்தை அறிவித்தே ஆகவேண்டும். ஒரு சதமும் வராவிட்டாலும் பூச்சியம் என்று அறிவிக்க வேண்டும். செலவைக் கழிக்க இடமில்லை, வந்த முழுத் தொகையின்மேல்தான் கட்டணம். வந்த காசை முழுவதும் உன் காசு என்று நினைக்காதே என்று அவளிடம் மூன்று தரம் சொன்னோம்.

பில்லில் எப்போது கட்டவேண்டும் என்ற திகதி இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முப்பது நாள். எழுதி உடன்பட்டாலும் பில் போட்ட நாளிலிருந்து அறுபது நாளைத் தாண்டுவது பொதுவாக முடியாது. பிந்தினால் வட்டியோடு 40 யூரோ கேட்கலாம், அதையும் பில்லில் எழுதியிருக்க வேண்டும். அவளுடைய ஒன்பது பக்கத்துக்கு இதில் ஒன்றுகூட இருக்கவில்லை. வேலை தொடங்குமுன் ஒரு மின்னஞ்சலில் விலையும் திகதியும் எழுதி, அவர்கள் "சரி" என்று பதில் போட்டபின் தொடங்கு என்றோம். அது சின்னக் காரியம். ஆனால் வெட்கத்தால் எங்கள் பிள்ளைகள் செய்யாமல் விடுவது அதைத்தான். பெரியவர்களிடம் காசு பேசக்கூடாது என்று வளர்த்துவிட்டோம், இப்போது அதன் விலையை அவர்கள் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. பிரெஞ்சுப் பத்திரிகைகள் கூலியை 'ஃபய்யே' கணக்கில் பேசும். ஒரு ஃபய்யே என்பது இடைவெளியும் சேர்த்து 1500 எழுத்துக்குறி. தமிழில் இந்தக் கணக்கைப் பேசும்போது கவனம்! 'பத்திரிகை' என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது. புள்ளி, கொம்பு, விசிறி எல்லாவற்றையும் அது தனித்தனியே எண்ணும். அங்கிள் இதைக் கேட்டு, "அப்ப கணினி எண்ணுற கணக்கிலேயே காசு வாங்கு பிள்ளை" என்றார். அன்று முதல்தரமாக மேசையில் எல்லாரும் சேர்ந்து சிரித்தோம்.

இவ்வளவும் பேசியபின்தான் இலக்கைத் திரும்ப எழுதினோம். நாவல் அப்படியே இருக்கட்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். எங்களில் இருவர் அதைச் சிறுகதைத் தொகுப்பாகக் குறைக்கச் சொன்னோம். அது பிழையான புத்திமதி என்று இப்போது நினைக்கிறோம். அவளுடைய ஆசை நாவலில் இருக்கிறது, சிறுகதையில் இல்லை. மாறியது அதன் கீழே உள்ள வரிகள்தான். வாரத்துக்கு ஆறு பக்கம். மாதத்துக்கு இரண்டு பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கட்டுரை யோசனை அனுப்புவது. வாரத்தில் மூன்று நாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கும் சம்பள வேலை. வீட்டு வாடகையில் அவள் பங்கு, நவிகோ அட்டை, தொலைபேசி ஆகிய மூன்றுக்கும் அந்தச் சம்பளம் போதும் என்று அங்கிள்தான் கூட்டிப் பார்த்தார். யோசனை ஏற்கப்படுமா என்பது அவள் கையில் இல்லை, எனவே அதை இலக்கில் போடவில்லை. அனுப்புவது அவள் கையில் இருக்கிறது.

வாரத்துக்கு ஆறு பக்கம் குறைவு என்று நினைப்பவர்களுக்கு: ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி ட்ரொலப் தபால் திணைக்களத்தில் வேலை பார்த்தபடியே காலை ஐந்தரைக்கு எழும்பி, கைக்கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். நாற்பத்தேழு நாவல். அவரை எழுப்பிக் கோப்பி கொடுக்க ஒரு வேலையாள் இருந்தார், அதற்காக வருடத்துக்கு ஐந்து பவுண் கூடுதலாகக் கொடுத்தார். எங்கள் வீடுகளில் அந்த வேலை அம்மாமாருக்கு, சம்பளமில்லாமல்.

நம்மவரில் ஆள் வேண்டுமென்றால் டொமினிக் ஜீவா இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் சலூன் தொழில் செய்தவர். 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, கையில் பையோடு தானே தெருத்தெருவாய் விற்றார். போருக்குள்ளும் விடவில்லை, பல பத்து வருடம், நூற்றுக்கணக்கான இதழ். முதல் இதழ் விற்கும்போது அவர் எத்தனை வருடத்துக்குத் திட்டம் போட்டிருப்பார்? அடுத்த மாத இதழுக்குக் கடதாசி வாங்கக் காசு தேடியிருப்பார் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்துப் புரொட்டஸ்தாந்து மண்ணில் எழுத்துத் தொழில் புதிதும் அல்ல. அமெரிக்க மிஷன் 1841 ஜனவரியில் 'உதயதாரகை'யைத் தொடங்கியபோது அதன் ஆசிரியர்களாக இருந்தவர்கள் மிஷன் பள்ளியில் படித்த நம் ஊர் வாலிபர்கள், ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒரு தகப்பனார் பின்வரிசையில் கைதட்டாமல் இருந்திருப்பார்.

அவளுடைய இன்றைய நிலை இது. பதினான்கு யோசனை அனுப்பினாள். மூன்று ஏற்கப்பட்டன, நான்கு மறுக்கப்பட்டன, மிச்சத்துக்குப் பதிலே இல்லை. மூன்றில் இரண்டுக்குச் சம்பளச் சீட்டு வந்துவிட்டது. அதில் ஒன்றை அங்கிள் பிரதி எடுத்துத் தன் கோப்பில் வைத்திருக்கிறார். நாவல் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் நிற்கிறது. நடுவில் சோதனைக் காலத்தில் ஆறு வாரம் ஒன்றும் எழுதவில்லை. எழுத்து மட்டுமே தொழில் என்ற வரிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அது நடக்காமலும் போகலாம் என்று அவளே சொல்கிறாள், ஆனால் வரியை வெட்ட விடுகிறாள் இல்லை.

உறைகள் இந்தமுறை ஜனவரி முதல் சனிக்கிழமை, கூடுகை முடிந்ததும் திறக்கப்படும். எழுத்து, படம், இசை என்று தனியே தொழில் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு அதே மேசை அன்று பின்னேரம் நான்கு மணிக்குப் போடப்படுகிறது. பெற்றோர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு கொப்பியும், கடந்த மூன்று மாத வீட்டுச் செலவுச் சீட்டுகளும் கொண்டுவரவும். கணக்குப் பார்க்க அங்கிள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.