கரடிக் காடும் கைத்துப்பாக்கியும்

வட அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையிலே பரந்து கிடக்கும் பெருநிலம் அலாஸ்கா. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களுள் மிகப் பெரியது அதுவே. இலங்கையைப் போல் இருபத்தாறு மடங்கு பரப்புடையது. அங்கே ஏறத்தாழ 30,000 பழுப்புக் கரடிகளும் 100,000 கருங்கரடிகளும் வாழ்வதாக அம்மாநிலத்தின் வனவிலங்குத் திணைக்களம் மதிப்பிடுகின்றது. மீன்பிடிப்போரும், வேட்டையாடுவோரும், மலையேறுவோரும், நிலவளம் ஆராய்வோரும் ஆண்டுதோறும் அக்காடுகளுட் புகுகின்றனர். அவ்வாறு புறப்படுவோர் துப்பாக்கிக் கடையிலே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கரடியிடமிருந்து உயிர் தப்புவதற்கு எந்தக் கைத்துப்பாக்கி சிறந்தது என்பதே அது.

கேள்வி நியாயமானதுதான். ஆயின், அதற்கு விடை காணுமுன் கரடியின் இயல்பை அறிதல் வேண்டும்.

வில்பத்துக் காட்டிலும் யாலக் காட்டிலும் வாழும் இலங்கைக் கரடி முந்நூறு இறாத்தல் நிறையைத் தாண்டுவது அரிது. அலாஸ்காவின் பழுப்புக் கரடியோ, வளர்ந்த ஆணாயின், 500 முதல் 900 இறாத்தல் வரை நிறையுடையது. கரையோரத்தில் மீன் தின்று கொழுத்தவை இதனினும் மிகுந்த நிறை பெறுவதுண்டு. இத்துணைப் பெரிய உடலைச் சுமந்துகொண்டு அது மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடவல்லது. முப்பது யார் தொலைவிலுள்ள புதரிலிருந்து அது பாய்ந்து வருமாயின், இரண்டு விநாடி முடியுமுன் மனிதனை எட்டிவிடும். துப்பாக்கியைத் தெரிவு செய்வோன் முதன்முதல் மனத்திற் கொள்ள வேண்டிய கணக்கு இந்த இரண்டு விநாடியேயாம்.

இனி, துப்பாக்கியின் வலிமையைப் பார்ப்போம். கரடியின் தோலுக்கடியிலே தடித்த கொழுப்பும், அதன் கீழே திண்ணிய தசையும், பருத்த எலும்பும் உள்ளன. மண்டையோடு சரிந்த வடிவினது, மூளையோ சிறியது. ஓடிவரும் கரடியை அக்கணமே வீழ்த்த வேண்டுமாயின் குண்டு மூளையையோ முள்ளந்தண்டையோ சேர்தல் வேண்டும். நெஞ்சிலே குண்டு பாய்ந்த கரடியும் வீழுமுன் மனிதனைக் கிழித்தெறியப் போதிய நேரம் உயிரோடிருக்கக்கூடும். ஆதலின், உடலுட் புகுந்தவுடன் விரிந்து சிதையும் மென்மையான குண்டுகள் இதற்கு ஏற்றவையல்ல. கடினமான ஈயக் கலவையில் வார்க்கப்பட்டு, உருக்குலையாது ஆழ்ந்து செல்லும் குண்டுகளையே அனுபவசாலிகள் விரும்புவர்.

1950களின் நடுப்பகுதியில் அறிமுகமான .44 மக்னம் என்னும் ரவை இத்தேவைக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. ஆறு ரவைகள் கொள்ளும் சுழல் துப்பாக்கியிலே அது பெரும்பாலும் பயன்படுத்தப்படும். 2003 ஆம் ஆண்டில் இதனினும் பன்மடங்கு வலிய .500 மக்னம் வெளிவந்தது. அதனைச் சுடும் துப்பாக்கிகளுள் நீண்ட குழலுடையது ஏறத்தாழ நாலரை இறாத்தல் நிறையுடையது. மறுபுறத்திலே, 1983 ஆம் ஆண்டில் வந்த பத்து மில்லிமீற்றர் ரவை வலிமையிற் குறைந்ததாயினும், பதினைந்து ரவைகள் வரை கொள்ளும் தன்னியக்கத் துப்பாக்கியிலே அடங்குவது. வடகிழக்குக் கிரீன்லாந்தின் பனிவெளியில் நாய் வண்டிகளிற் சுற்றிவரும் டென்மார்க்கின் சிரியஸ் ரோந்துப் படையினர், பனிக்கரடியினின்றும் தம்மைக் காக்க இவ்வகைத் துப்பாக்கியையே இடையில் அணிகின்றனர்.

இவற்றுள் வலிமை மிக்கதே சிறந்தது என்று எண்ணுதல் பிழையாகும். ரவை வலுக்கும் அளவிற்குத் துப்பாக்கியின் பின்னுதைப்பும் வலுக்கும். முதற் குண்டு குறி தவறிவிட்டால், உதைப்பினால் மேலெழுந்த குழலை மீண்டும் தாழ்த்திக் குறிவைக்க இரண்டு விநாடியில் இடமேது? பயிற்சிக் களத்திலே இரண்டு முறை சுட்டதும் கை நோகின்றதென்று பெட்டிக்குள் வைத்துவிடும் துப்பாக்கி, காட்டிலே உயிர் காக்கும் என்று நம்புவதற்கில்லை. ஒருவர் தம் கைக்கு அடங்குவதும், அடுத்தடுத்துச் சுடினும் குறி தப்பாததுமான துப்பாக்கியையே தெரிதல் வேண்டும். அதனை முதுகுப் பையினுள் வைத்தலும் வீண். மீன்பிடிப்போர் பலர் மார்பின் குறுக்கே கட்டிய உறையிலே அதனை அணிவது, நீரில் நிற்கும்போதும் சுமை தூக்கும்போதும் கைக்கு எட்டும் என்பதாலேயே.

இவ்விடத்தில் ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். தொம் சிமித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர், 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துப்பாக்கி ஏந்தியோர் கரடியை எதிர்கொண்ட 269 சம்பவங்களைத் திரட்டி, 2012 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நீண்ட துப்பாக்கிகள் நூற்றுக்கு 76 வீதமும், கைத்துப்பாக்கிகள் 84 வீதமும் கரடியைத் தடுத்து நிறுத்தின. கைத்துப்பாக்கிக்குச் சாதகமான கணக்குப் போலத் தோன்றினும், அது 37 சம்பவங்களை மாத்திரமே கொண்டது. அதனினும் சிந்திக்கத்தக்க வேறொரு முடிவும் அவ்வாய்வில் உண்டு. துப்பாக்கியைப் பயன்படுத்தியோரையும், கையில் வைத்திருந்தும் பயன்படுத்தாதோரையும் ஒப்பிட்டபோது, காயமும் மரணமும் நேர்ந்த அளவில் வேறுபாடு காணப்படவில்லை. நேரம் போதாமை, குறி தவறுதல், பூட்டை விடுவிக்க மறத்தல், பொறி சிக்கிக்கொள்ளுதல் என்பன துப்பாக்கி பயன்படாது போனதற்குரிய காரணங்களுட் சில.

இதே ஆய்வாளர் சிலர் 2008 ஆம் ஆண்டில் வேறொரு காப்பைப் பற்றியும் எழுதினர். மிளகாயின் காரச்சத்தை அழுத்தத்தில் அடைத்த தெளிப்பான் அது. ஏறத்தாழ முப்பது அடி தூரத்திற்கு அது செம்புகை மேகமொன்றை எழுப்பும். கண்ணும் மூக்கும் எரியக் கரடி திரும்பிவிடும். 1985 முதல் 2006 வரை நிகழ்ந்த 83 சம்பவங்களை ஆராய்ந்ததில், பழுப்புக் கரடிகளை அது நூற்றுக்கு 92 வீதம் தடுத்தது. தெளிப்பானை ஏந்தியோருள் 98 வீதத்தினர் காயமின்றித் தப்பினர். காயமுற்ற மூவரும் மருத்துவமனையிற் சேர வேண்டியிருக்கவில்லை.

எனினும், இவ்விரு கணக்குகளையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தல் முறையன்று. துப்பாக்கிச் சம்பவங்களுட் பல, சீறிவந்த கரடிகளைப் பற்றியன. தெளிப்பான் சம்பவங்களுட் பல, உணவை நாடியோ வேடிக்கை பார்க்கவோ வந்த கரடிகளைப் பற்றியன. எதிர்க்காற்று வீசும்போது தெளிப்பானுக்கும் இடர் உண்டு. ஆயினும் ஓர் உண்மை ஐயத்திற்கிடமின்றித் தெளிவாகின்றது. நடுங்கும் கையால் சிறு குறியை நோக்கிச் சுடுவதினும், அகன்ற மேகத்தைக் கரடியின் முன்னே எழுப்புவது பயிற்சி குறைந்தோர்க்கு எளிது. அவ்வாறு செய்தால் மனிதனும் பிழைப்பான், கரடியும் பிழைக்கும். குட்டியைக் காக்கப் பாய்ந்த தாய்க் கரடியைக் கொல்வது, அக்குட்டியையும் சாவுக்குக் கொடுப்பதாகும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களிலே, அந்தந்த மாநிலச் சட்டத்திற்கிணங்கத் துப்பாக்கி கொண்டு செல்வதற்கு 2010 பெப்ரவரி 22 ஆம் நாளிலிருந்து இடமளிக்கப்பட்டது. கனடாவிலோ கைத்துப்பாக்கி விற்பனையே 2022 ஒக்டோபரில் நிறுத்தப்பட்டது. அலாஸ்காவில் உயிரைக் காக்கும் பொருட்டுக் கரடியைக் கொன்றவர் அதனை அரசுக்கு அறிவித்து, தோலையும் மண்டையோட்டையும் ஒப்படைத்தல் வேண்டும். உணவைக் கவனயீனமாக வெளியே விட்டுக் கரடியை வரவழைத்தவர் தற்காப்பு என்று வாதிட முடியாது.

இந்தக் கடைசி விதியிலே பெரியதொரு பாடம் அடங்கியிருக்கின்றது. 1967 ஆகத்து 13 ஆம் நாள் இரவு, மொண்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவிலே, வெவ்வேறு இரண்டு இடங்களில், வெவ்வேறு இரண்டு கரடிகளால் இளம்பெண்கள் இருவர் கொல்லப்பட்டனர். மனிதர் எறிந்த எச்சிலுணவையும் குப்பையையும் தின்று பழகி, மனிதனிடத்து அச்சம் நீங்கியவை அக்கரடிகள். அதன் பின்னரே அமெரிக்கப் பூங்காக்களிற் குப்பையையும் உணவையும் காப்பதற்குரிய ஒழுங்குகள் இறுகலாயின.

ஆகவே காடு செல்வோர் கைக்கொள்ளத்தக்க வரிசை ஒன்று உண்டு. மூவராயினும் சேர்ந்து நடப்பதும், புதர் செறிந்த இடங்களிலும் அருவியொலி மிகுந்த இடங்களிலும் உரக்கப் பேசிக்கொண்டு செல்வதும் முதலாவது. சமைக்கும் இடத்தையும் உணவு வைக்கும் இடத்தையும் உறங்கும் கூடாரத்திலிருந்து நூறு யார் தள்ளி அமைப்பது இரண்டாவது. கரடியைக் கண்டால் ஓடாது நின்று, மெல்லப் பின்வாங்குவது மூன்றாவது. கைக்கெட்டும் தெளிப்பான் நான்காவது. கைத்துப்பாக்கி இவையெல்லாவற்றிற்கும் பின்னே வருவது.

கடைக்காரரிடம் கேட்ட கேள்விக்கு விடையும் இதுவே. கைக்குப் பழகியதும், மார்பில் அணியத்தக்கதும், ஆழ்ந்து செல்லும் குண்டுடையதுமான துப்பாக்கி எதுவாயினும் நன்று. முன்சொன்ன நான்கையும் கைவிட்டு அதனை மட்டும் நம்பிச் செல்பவனுக்கு எத்துணை வலிய துப்பாக்கியும் போதாது. அந்நான்கையும் காத்து நடப்பவன், பெரும்பாலும் அதனை உறையினின்று எடுக்காமலே வீடு திரும்புவான்.