தறியில் நெய்த பாசிமணிப் பட்டை: கொள்முதலுக்கு முன் சில விவரங்கள்

நம் பாகலூர் வட்டாரத்தில் மளிகைக் கடையிலும் கல்லாப்பெட்டி அருகே ஓர் அட்டையில் பொட்டும் வளையலும் தொங்குவது உண்டு. அந்த அட்டைக்கு ஏற்ற சரக்கு, தறியில் நெய்த பாசிமணிக் கைப்பட்டை. சங்கு, சக்கரம், வேல், மயிற்பீலி என்று புராணச் சின்னங்களோடு வருகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவோர் கலந்து வரும் கடையில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பட்டைகளின் விலையில் பெரும் வித்தியாசம் இருக்கும். காரணம் தெரியாமல் எடுத்தால் முதல் முடங்கும்.

சிறு மரச்சட்டத்தில் பாவு நூலை இழுத்துக் கட்டுகிறார்கள். அகலத்துக்கு 15 மணி என்றால் பாவு 16 இழை. ஊசியில் 15 மணியைக் கோத்து, பாவுக்கு அடியில் வைத்து, இழைகளுக்கு நடுவே ஒவ்வொரு மணியாக மேலெழும்படி விரலால் அழுத்தி, ஊசியை அதே துளைகள் வழியே பாவுக்கு மேலாகத் திருப்புகிறார்கள். அதுதான் ஒரு வரிசை. ஆறு அங்குலப் பட்டையில் ஆயிரம் மணிக்கு மேல் போகும். இந்தக் கூலியில் நாம் அடித்துப் பேசினால், நெய்பவர் மணியிலும் நூலிலும்தான் குறைப்பார்.

11-ஆம் நம்பர் மணி அங்குலத்துக்குச் சுமார் 18 தான் அடங்கும். (கம்பி கேஜ் போல, நம்பர் கூடினால் மணி சிறியது.) ஆகவே கைப்பட்டையில் சாமி முகம் தெளிவாக வராது. சௌராஷ்டிரத்தில் பிள்ளையாரையும் கண்ணனையும் மணியால் கோத்து வாசல் தோரணம் செய்கிறார்கள் என்றால், அங்கே பரப்பு பெரிது. நாம் வேல், சங்கு போட்டதையே எடுப்பது நல்லது.

மணி நமக்குப் புதியதல்ல. கண்ணாடிக் குழாயை இழுத்து நறுக்கி அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்தார்கள். திருப்பதி அருகே பாப்பாநாயுடுபேட்டையில் அந்த இழுப்பு முறை நம் காலம் வரை வந்திருக்கிறது. அப்படிச் செய்த மணி அளவில் சற்று முன்பின் இருக்கும். மாலை கோக்க அழகு. தறிக்கோ உருளை வடிவில் ஒரே அளவு மணி வேண்டும். ஜப்பானின் மியூகி, டோஹோ மணிகள் இதற்குப் பெயர் பெற்றவை. விலை ஏறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பட்டையின் ஓரம் நெளிந்திருந்தால் மணி அளவு சரியில்லை. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் பூசிய மணி அப்போதே காட்டிக்கொடுக்கும். தெரிந்த வியாபாரி ஒருவர் தேய்த்துப் பாராமல் இரண்டு டஜன் எடுத்தார். வியர்வையில் நிறம் போய்ப் பாதி திரும்பி வந்தது. முனையில் பாவு இழைகள் பட்டைக்குள் திருப்பிச் செருகியிருக்க வேண்டும். பசை மட்டும் வைத்திருந்தால் கொக்கி கழன்றுவிடும்.

இது இமிடேஷன் நகை வகை: தலைப்பு 7117, ஜி.எஸ்.டி. 3 சதவீதம். உதிரிக் கண்ணாடி மணி 7018-இல் வரும். பில்லில் இரண்டையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டாம். முதல் தடவைக்கு அரை டஜன் போதும்.