‘ருத்ரா’வின் டாப் 5: பம்பைச் சத்தத்தில் வளர்ந்த காதுகளுக்கு ஒரு தரவரிசை!

திண்டிவனத்தில் பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு டெத் மெட்டல் கேட்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால், விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் ஒருவராவது உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார். வீட்டில் இன்னும் மோசம். “என்னடா இது, பேய் பிடிச்ச மாதிரி கத்துறான்… இதெல்லாம் ஒரு பாட்டா?”

நீங்கள் அந்த ஆள் இல்லையா? பரவாயில்லை. “என்னடா இது” என்று கேட்கிற அப்பாவாகவோ அக்காவாகவோ இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

எக்ஸ்ட்ரீம் மெட்டல் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே ஒரே இடத்துக்கு வந்துவிடும். ‘அந்த பேண்டோட பெஸ்ட் பாட்டு எது?’ டீக்கடையில் இளையராஜாவின் டாப் 10 போடச் சொன்னால் எப்படி அடிதடி வருமோ, அதே அடிதடி இங்கேயும் உண்டு. நாம் இன்று வரிசைப்படுத்தப் போவது சிங்கப்பூரின் ‘ருத்ரா’வை. நார்வே, ஸ்வீடன், அமெரிக்கா என்று எத்தனையோ இசைக்குழுக்கள் இருக்க இவர்கள் ஏன்? சிங்கப்பூர்த் தமிழர்கள் சேர்ந்து 1992-ல் ஆரம்பித்த குழு இது. கதிர் பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசிப்பார். டிரம்ஸ் சிவா. உபநிடதத்தையும் கீதையையும் எடுத்து டெத் மெட்டலில் போட்டு, தாங்கள் செய்வதற்கு ‘வேதிக் மெட்டல்’ என்று பெயர் வைத்தார்கள். 1998-ல் முதல் ஆல்பம் ‘ருத்ரா’. அதன் பிறகு ‘தி ஆரியன் க்ரூசேட்’ (2001), ‘குருக்ஷேத்ரா’ (2003), அப்புறம் 2005, 2009, 2011 என்று மூன்று பாகமாக ‘பிரம்மவித்யா’. அதற்கு மேலும் ஆல்பங்கள் வந்தன. ஆனால், இவர்களைப் பற்றிப் பேசினால் அந்த மூன்றில்தான் வந்து நிற்கும்.

வரிசைக்குப் போவதற்கு முன், அந்தக் ‘கத்தல்’ பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இதற்குப் பெயர் க்ரௌல். நாம் பேசும்போது குரல் நாண்கள் அதிர்கின்றன. அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. ‘போலிக் குரல் நாண்கள்’ என்று சொல்வார்கள். வயிற்றிலிருந்து மூச்சை நிதானமாகத் தள்ளி அந்த மடிப்புகளையும் அதிர வைத்தால் உறுமல் வரும். தொண்டையை நெரித்துக் கத்தினால் இரண்டாவது பாட்டிலேயே குரல் போய்விடும். பழகியவர் மணிக்கணக்கில் பாடுவார். சைபீரியாவின் துவா மக்கள் பாடும் ‘கார்கிரா’ என்ற அடித்தொண்டைப் பாட்டும் இதே மடிப்புகளை வைத்துத்தான். அடுத்தது ‘பிளாஸ்ட் பீட்’. ஸ்னேர், பேஸ் டிரம், சிம்பல் மூன்றையும் இடைவெளியே தெரியாத வேகத்தில் அடிப்பது. முதல் தடவை கேட்கும்போது ஒரே இரைச்சலாக இருக்கும். நாலாவது தடவையில் அந்த இரைச்சலுக்கு உள்ளே தாளம் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும்.

இதைப் புரிந்துகொள்ள விழுப்புரம் மாவட்டத்துக்காரருக்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. மேல்மலையனூருக்கு அமாவாசை ராத்திரி போயிருக்கிறீர்களா? ஊஞ்சல் உற்சவத்தில் பம்பையும் உடுக்கையும் சேர்ந்து ஏறுகிற வேகம் இருக்கிறதே, அங்கே யாரும் “மெலடி எங்கே?” என்று கேட்பதில்லை. அந்தச் சத்தம் வேறு வேலைக்காக வந்தது; உடம்புக்குள் புகுந்து ஆளை ஆட்ட வந்தது. மாசி மாதம், மகா சிவராத்திரியை ஒட்டி வரும் மயானக் கொள்ளையை நேரில் பார்த்தவருக்கு, மெட்டல் ஆல்பம் அட்டையில் இருக்கும் மண்டை ஓடு எல்லாம் சும்மா ஸ்டிக்கர் மாதிரிதான் தெரியும்.

கூத்தும் அப்படித்தான். செஞ்சி, திண்டிவனம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் விடிய விடிய நடக்கும். கூத்துக்காரர் எட்டுக்கட்டையில் பாடுகிற வரிகள் பாதி நேரம் பிடிபடாது. ஆனால், உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குக் கதை மனப்பாடம். வார்த்தை தப்பினாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். டெத் மெட்டலைக் கேட்பதும் இப்படியே. பாட்டு எதைப் பற்றியது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேட்டால், உறுமலுக்குள் இருக்கிற கோபமும் துக்கமும் பிரிந்து தெரியும். ருத்ரா விஷயத்தில் நமக்கு இருக்கும் பெரிய சலுகை இதுதான். ஜெர்மனிக்காரர் அடிக்குறிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கதை, நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

சரி, வரிசை. என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: தத்துவமும் இசையும் ஒன்றோடொன்று கலந்திருக்கிறதா, அல்லது ரசத்தின் மேல் தூவின கொத்தமல்லி மாதிரி சுலோகம் மேலாக மிதக்கிறதா?

முதலிடம் ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேசிங் சாரியட்’. 2009-ல் வந்த ‘பிரம்மவித்யா: ட்ரான்ஸென்டென்டல் 1’ ஆல்பத்தில் இருக்கிறது. இதற்கு எதிர்ப்பு அதிகம் வராது என்று நினைக்கிறேன். இவர்களைத் தெரியாதவருக்கு முதலில் அனுப்பப்படும் பாட்டும் பெரும்பாலும் இதுதான். கரு, கீதை. இரண்டு சேனைக்கும் நடுவே தேர் நிற்கிறது. வில்லைக் கீழே போட்டவனுக்கு உபதேசம் நடக்கிறது. கீதை என்றவுடனே சாந்தமான புல்லாங்குழல் போட்டே நம்மைப் பழக்கிவிட்டார்கள். அது நடந்த இடம் போர்க்களம், சங்கு ஊதியாயிற்று, எதிரே நிற்பது தாத்தாவும் குருவும் என்பதை இந்த இசை ஞாபகப்படுத்துகிறது. இந்த உபதேசத்துக்கு இந்தச் சத்தம்தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, 2005-ன் ‘அஹம் பிரம்மாஸ்மி’. பிருஹதாரண்யக உபநிடதத்தின் மகாவாக்கியம்தான் தலைப்பு. ‘நானே பிரம்மம்’ என்பதைக் கிசுகிசுப்பாகவும் சொல்லலாம், நெஞ்சைத் திறந்து உறுமியும் சொல்லலாம். இவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை!

மூன்றாவது இடத்துக்கு ‘மெஜெஸ்டிக் அஷ்டாவக்ரா’வைக் கொண்டுவந்ததற்கு நண்பர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். உடம்பில் எட்டுக் கோணலோடு பிறந்த சிறுவன், ஜனகர் சபைக்குப் போய், தன் அப்பாவை வாதத்தில் தோற்கடித்தவனையே தோற்கடிக்கிறான். மகாபாரத வன பர்வத்தில் வரும் கதை. உருவத்தைப் பார்த்துச் சிரித்த சபைக்கு அறிவால் பதில் சொன்னவனைப் பற்றி, ‘அசிங்கமான குரல்’ என்று ஊர் சொல்கிற குரலில் பாடுகிறார்கள். இந்தப் பொருத்தத்துக்காகவே மூன்றாம் இடம்.

நான்கு, அதே ஆல்பத்தின் ‘அம்ருதஸ்யபுத்ர’. மனிதர்களை ‘அமுதத்தின் மக்களே’ என்று அழைக்கும் சுவேதாசுவதர உபநிடதத் தொடரிலிருந்து வந்த தலைப்பு. ஐந்து, 2011-ன் ‘நௌ, தேர்ஃபோர்’. பிரம்ம சூத்திரத்தின் முதல் இரண்டு சொற்களை ஆங்கிலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு டெத் மெட்டல் பாட்டுக்கு ‘இனி, ஆகவே’ என்று தலைப்பு வைக்கிற துணிச்சலுக்கு ஒரு மார்க் கூட.

‘தி ஆரியன் க்ரூசேட்’ ஆல்பத்திலிருந்து ஒன்றுகூட இல்லையே என்று கேட்பீர்கள். பாட்டுக்காக விட்டேன், தலைப்புக்காக இல்லை. ஆனால், அந்தத் தலைப்பைப் பேசாமல் தாண்டிப் போகவும் முடியாது. சம்ஸ்கிருதத்தில் ‘ஆர்ய’ என்றால் மேன்மையான என்று பொருள். வேதாந்தம் படித்துக் கற்பிக்கவும் செய்கிற கதிருக்கு அந்தப் பொருள் தெரியும். ஆனால், ஐரோப்பிய மெட்டல் ரசிகரின் காதில் அந்தச் சொல் நாஜிகளோடு சேர்ந்து ஒலிக்கும். தமிழ்நாட்டில், அதுவும் நம்ம பக்கம், அதற்கு வேறொரு நூறு வருட அரசியல் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கள் அடையாளத்தைத் தேடும்போது சம்ஸ்கிருதத்தில் போய் ஏன் நிற்கிறார்கள்? இது வெறும் ரசிகர் சண்டை இல்லை. இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன், வேதிக் மெட்டலையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தையும் அடையாளச் சிக்கலையும் வைத்து 2009-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். பாட்டு பிடிக்கும் என்பதற்காக இந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டியதில்லை. கேள்வி இருக்கிறது என்பதற்காகப் பாட்டை நிறுத்தவும் வேண்டியதில்லை.

எனக்கு இருக்கிற குறை வேறு. ருத்ராவின் குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனின் சந்தேகம்தான் நடுவில் நிற்கிறது. நம் ஊர்ப் பாரதத்தில் நடுவில் நிற்பது திரௌபதியின் விரித்த கூந்தல். படுகளத்தன்று களிமண்ணால் செய்து தரையில் நீளமாகக் கிடத்தியிருக்கும் துரியோதனன், அதன் பிறகு தீமிதி. அதற்கும் முன்னால் அரவான். சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள், மறுநாள் அதை அறுத்துவிட்டு ஒப்பாரி வைப்பது அவனுக்காகத்தான். போரில் ஜெயிப்பதற்காகப் பெற்ற அப்பாவின் பக்கத்திலேயே பலி கொடுக்கப்பட்டவன் அவன். அப்படியும் பதினெட்டு நாள் போரையும் அவனுடைய வெட்டுப்பட்ட தலை கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தது என்பது நம் பக்கத்துக் கதை. அந்தத் தலையின் குரலில், தமிழில், க்ரௌலில் ஒரு பாட்டு வந்தால், மேலே போட்ட வரிசையை அன்றைக்கே அழித்துவிட்டு வேறு போடத் தயாராக இருக்கிறேன்.