எலைசா சிட்மோரும் முந்திப் பூக்கும் செர்ரியும்

வாஷிங்டனின் டைடல் பேசின் நீர்நிலைக் கரையில் செர்ரி மரங்கள் வேண்டுமென்று அந்நகர அதிகாரிகளிடம் இருபதாண்டுக்கு மேல் விடாமல் கேட்டவர் எலைசா சிட்மோர். எழுத்தாளர், ஒளிப்படக் கலைஞர். 1885இல் ஜப்பானைப் பார்த்தவருக்கு அந்நாட்டின் மேலிருந்த பிரியம் கடைசிவரை குறையவில்லை. அவர் அஸ்தியும் யோகோஹாமாவில்தான் இருக்கிறது. கையால் வண்ணம் தீட்டிய ஜப்பானியக் குழந்தைகளின் படங்கள் 1914இல் அவர் பெயரில் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்தன.

அவர் கேட்ட செர்ரி மரங்கள் ஜப்பானிலிருந்து முதலில் 1910இல் வந்தன; அவற்றில் பூச்சி இருந்ததால் எரிக்கப்பட்டன. டோக்கியோ மீண்டும் 3,020 மரங்களை அனுப்பியது. 1912 மார்ச் 27 அன்று முதல் இரண்டு நடப்பட்டன.

அங்குள்ள யோஷினோ வகைச் செர்ரி மரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: இலை துளிர்க்குமுன்பே கிளை கொள்ளாமல் ஐந்திதழ்ப் பூக்கள், வெளிர் சிவப்பில் விரிந்து வெளுக்கின்றன. 70 சதவீத மொட்டுகள் விரியும் நாளே பூப்பின் உச்சம். முன்பு ஏப்ரல் தொடக்கத்தில் வந்த அந்த நாள், வெப்பம் ஏற ஏற முந்துகிறது. 2024இல் மார்ச் 17. ஆனால் 1990இல் அதற்கும் முன்பே, மார்ச் 15 அன்று, வந்ததும் உண்டு.