மருத்துவ நிலையங்களில் கிருமி நீக்கம்: பொருளுக்கேற்ற முறை

நோய் தீர்க்க மருத்துவ நிலையத்தை நாடி வருவோர், அங்கிருந்து புதியதொரு நோயைப் பெற்றுச் செல்லலாகாது. கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடிட்டிஸ்-பி வைரஸ், உடலுக்கு வெளியே உலர்ந்த பரப்பில் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்கவல்லது. ஆகவே, கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றும் கருவியும் மேசையும் பாதுகாப்பானவை என்று கொள்வதற்கில்லை.

எல்லாப் பொருள்களுக்கும் ஒரே முறை பொருந்தாது. அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் எர்ல் ஸ்பால்டிங் 1968-இல் விளக்கிய பாகுபாடு இன்றும் வழிகாட்டியாக விளங்குகிறது. இதன்படி, உடல் திசுவினுள்ளும் இரத்தக் குழாயினுள்ளும் செல்லும் கருவிகளை ஆட்டோகிளேவ் போன்ற சாதனத்தால் முற்றிலும் நுண்ணுயிரற்றவையாக்க வேண்டும். சளிச்சவ்வைத் தொடும் கருவிகளுக்கு உயர்நிலைக் கிருமி நீக்கம் தேவை. புண்ணற்ற தோலை மட்டும் தொடும் இரத்த அழுத்தமானியின் பட்டை, ஸ்டெதஸ்கோப், கட்டில் ஆகியவற்றுக்கே மருந்திட்டுத் துடைத்தல் போதுமானதாகும்.

துடைக்கும் மருந்துகளுள் 70 விழுக்காட்டு ஆல்கஹால் சிறு கருவிகளுக்கு ஏற்றது. எளிதில் ஆவியாகித் தீப்பற்றக்கூடியதாதலால், பரந்த பரப்புகளுக்கு அது உகந்ததன்று. இரத்தம் சிந்திய இடத்துக்குக் குளோரின் கரைசல் பொருத்தமானது, விலையும் குறைவு. 33 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 15 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்தால் 0.5 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். நாளடைவில் வீரியம் குன்றுவதால், இதனை அன்றாடம் புதிதாகத் தயாரித்தல் வேண்டும். இது உலோகத்தை அரிக்கும். அமிலத்துடன் கலந்தால் நச்சுவாயு வெளிப்படும். குவாட்டர்னரி அம்மோனியச் சேர்மங்கள் உலோகத்தை அவ்வளவாக அரிப்பதில்லை. எனினும், பருத்தித் துணி அவற்றை ஈர்த்துக்கொண்டு பயனைக் குறைத்துவிடும். எனவே அவற்றுக்கேற்ற துடைப்புத் தாள்களையே பயன்படுத்த வேண்டும்.

எம்மருந்தாயினும், முதலில் அழுக்கை நீக்குதல் இன்றியமையாதது. இரத்தமும் சீழும் படிந்திருப்பின் மருந்தின் ஆற்றல் குன்றும். பின்னர், உறையில் குறிப்பிட்டுள்ள நேரம் முழுவதும் பரப்பு ஈரமாகவே இருத்தல் வேண்டும். துடைத்தவுடன் உலர்ந்துவிட்டால் கிருமிகள் எஞ்சி நிற்கும். அழுக்குக் குறைந்த இடத்தில் தொடங்கி, மிகுந்த இடத்தில் முடிப்பதே முறை. ஒரு நோயாளியின் கட்டிலைத் துடைத்த தாளால் மற்றொருவர் கட்டிலைத் துடைப்பது கிருமிகளை இடம் பெயர்ப்பதேயாகும்.

தூய்மை பேணும் மருத்துவ நிலையங்களுக்கு விருதளிக்கும் காயகல்ப் திட்டத்தை மத்திய அரசு 2015-இல் தொடங்கியது. தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டு நெறிகள் 2020-இல் வெளியாயின. இவை பயன்தர வேண்டுமாயின், கொள்முதல் செய்யும் அலுவலர் விலையை மட்டும் ஒப்பிடாமல், எப்பொருளுக்கு, எக்கிருமிக்கு எதிராக, எத்தனை நிமிடம் என்ற மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.