சம்பியன் கல்லூரி எது? தீர்ப்பளிப்பது யார்?

கல்லூரிப் போட்டிகளின் பருவம் முடிவுற்றதும் ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் தேநீர்க் கடை வாங்குகளிலே தவறாது எழும் வினா ஒன்றுண்டு: “இவ்வருடம் இலங்கையிலே முதலாவது கல்லூரி எது?” உதைபந்தாட்டமாயினும் கிறிக்கெற்றாயினும் றக்பியாயினும் வினா ஒன்றே. விடைகளோ வாங்கில் இருப்போர் தொகைக்கு ஏற்பப் பெருகும். தாம் படித்த கல்லூரியை விட்டுக்கொடுப்பவர் எவருமிலர். இவ்வழக்கைச் சிறிது நிதானமாக ஆராய்ந்து பார்க்கலாம் என்று கருதினோம்.

நமது நாட்டுக் கல்லூரி விளையாட்டு, பெருஞ் சுற்றுப்போட்டியாகப் பிறந்ததன்று; தெரிந்த ஒருவரோடு ஆண்டுதோறும் பொருதும் மரபாகப் பிறந்தது. கொழும்பு றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் 1880ஆம் ஆண்டு முதலாகக் கிறிக்கெற் ஆடி வருகின்றன. (அக்காலத்தில் சென் தோமஸ் நம் அயலிலுள்ள முகத்துவாரத்திலேயே இருந்தது, 1918இலேதான் கல்கிசைக்குப் பெயர்ந்தது என்பதை வடகொழும்பு வாசிகள் சற்றே பெருமையோடு நினைவு கூரலாம்.) யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. றக்பியிலே றோயலும் கண்டித் திரித்துவக் கல்லூரியும் 1920இல் முதன்முதல் சந்தித்தன. 1945 முதல் அவை பிரட்பி கேடயத்துக்காக ஆடுகின்றன. கண்டியில் ஓர் ஆட்டம், கொழும்பில் ஓர் ஆட்டம். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டிக் கேடயம் வழங்குவர். சொந்த மைதானத்தின் அனுகூலமும் அயலூரின் கூச்சலும் இருசாராருக்கும் ஒரே அளவில் கிட்டுவதால், இதனினும் நேர்மையான ஏற்பாட்டை நாமறியோம்.

ஆயினும் இவையாவும் இருவருக்கிடையிலான கணக்குகளே. பத்துக் கல்லூரிகளை வென்ற ஓர் அணி, அப்பத்தும் பலவீனமானவையாயின், எவ்வளவு பெரியது? வலிமை மிக்க இருவரிடம் மயிரிழையில் தோற்ற அணி எவ்வளவு சிறியது? ஒருவரையொருவர் சந்தியாத அணிகளை எத்தராசில் நிறுப்பது?

இச்சிக்கலை நம்மிலும் பெரிய அளவிலே அனுபவித்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பல்கலைக்கழகங்கள் ஆடும் காற்பந்து, பெயரளவிலேதான் காற்பந்து. பந்து பெரும்பாலும் கைகளிலேயே இருக்கும். அதன் உயர் பிரிவில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட அணிகள் உள. வழக்கமான பருவத்தில் ஓரணி ஆடுவதோ பன்னிரண்டு ஆட்டங்களே. எல்லாரும் எல்லாரையும் சந்திப்பது ஒருபோதும் இயலாது. ஆகவே, அசோசியேற்றட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936 முதல் பத்திரிகை நிருபர்களிடம் வாக்குப் பெற்று அணிகளை வரிசைப்படுத்தியது. 1950 முதல் பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பும் அதனோடு சேர்ந்துகொண்டது. ஆடுகளத்திலே முடியவேண்டிய வழக்கு வாக்குச் சீட்டிலே முடிந்தது!

விளைவைக் கேளுங்கள். 1966 நவம்பரிலே நோத்ர டாம் அணியும் மிச்சிகன் மாநில அணியும் மோதின. புள்ளிகள் 10க்கு 10 எனச் சமமாக நின்றபோது, நோத்ர டாம் அணி தோல்விக்கு இடம்வைக்க விரும்பாது கடைசி நிமிடங்களைக் கடத்திச் சமநிலையோடு திருப்தியடைந்தது. வாக்கெடுப்பில் முதலிடம் அவ்வணிக்கே கிடைத்தது. தோல்வியோ சமநிலையோ காணாத அலபாமா அணிக்குக் கிடைத்தது மூன்றாமிடம். 1973இல் நடந்ததோ நகைப்புக்குரியது. பயிற்சியாளர்கள் அலபாமாவைச் சம்பியனென அறிவித்துவிட்டார்கள்; அதன் பின்னர் டிசம்பர் 31இல் நடந்த ஆட்டத்தில் அதே அலபாமா 24க்கு 23 என்ற கணக்கில் நோத்ர டாமிடம் தோற்றது. தீர்ப்பு முந்தியது, விசாரணை பிந்தியது!

2014இல் நான்கு அணிகளைத் தேர்ந்து மோதவிடும் ஏற்பாடு வந்தது. நான்காவதாக உள்நுழைந்த ஒகாயோ மாநில அணியே அவ்வாண்டு வாகை சூடியது என்றால், பழைய வரிசைகளின் இலட்சணத்தை என்னென்பது? ஆனால் அந்நால்வரைத் தெரிந்ததும் ஒரு குழுவே. 2023இல் பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்ற புளோரிடா மாநில அணியை அக்குழு வெளியே நிறுத்தியது. முக்கிய வீரர் காயமுற்றதால் அணியின் பலம் முன்போலில்லை என்பது காரணம். வென்றும் பயனில்லையெனில் மாணவன் எதற்காக ஆடவேண்டும்? 2024இல் பன்னிரண்டு அணிகளுக்கு இடம் விரிந்தது.

அப்படியாயின், தோற்றவர் வெளியேறும் முறையே சாலச்சிறந்ததா? அதற்கும் தன் குறையுண்டு. ஒருநாட் காய்ச்சல், ஒரு மழை, நடுவரின் ஒரு விசில் போதும், பருவம் முழுவதும் உழைத்த அணி வீடு திரும்ப. 1968 ஐரோப்பிய உதைபந்தாட்ட அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கோலின்றி நின்றபோது, நாணயத்தைச் சுண்டியே வெற்றியைத் தீர்மானித்தார்கள். நாணயம் இத்தாலிக்குச் சாதகமாக விழுந்தது. அவ்வணியே பின்னர் கிண்ணத்தையும் வென்றது. தண்ட உதைகளால் முடிவு காணும் விதி 1970இலே வந்தது. 2019 உலகக் கிண்ணக் கிறிக்கெற் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மேலதிக ஓவரிலும் சமமாக நிற்க, அதிக பவுண்டரி அடித்த இங்கிலாந்துக்குக் கிண்ணம் சென்றது. அவ்விதி அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது.

நம் மாளிகாவத்தையிலுள்ள பிரேமதாச அரங்கு வேறொரு வழியைக் காட்டியது. 2002 செப்டெம்பரில் சம்பியன் கிண்ண இறுதியாட்டம் அங்கே நடந்தது. இலங்கை ஐம்பது ஓவர்களும் ஆடியது. இந்தியா தொடங்கியதும் மழை. மறுநாள் முதலிலிருந்து ஆடவேண்டுமென்பது விதி. மீண்டும் இலங்கை ஐம்பது ஓவர்கள் ஆடியது, மீண்டும் மழை. இரு நாடுகளும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. பலர் சலித்துக்கொண்டார்கள். நாணயம் சுண்டுவதைவிட அது மேலானது என்பதே நமது எண்ணம்.

கல்லூரிகளைப் பொறுத்தவரை நாம் விரும்புவது கலப்பு முறையை. மாகாணத்துக்குள்ளே ஒவ்வோரணியும் மற்றதை இருமுறை, சொந்த மைதானத்தில் ஒன்றும் எதிரியின் மைதானத்தில் ஒன்றுமாகச் சந்திக்கட்டும். அங்கே புள்ளிகளே பேசட்டும். எந்தக் குழுவும் பேச வேண்டாம். அதில் முதல்வந்தோர் மட்டும் இறுதிச் சுற்றிலே மோதட்டும். பரீட்சை எழுதும் மாணவர்க்கு இது ஆட்டத் தொகையையும் பயணத்தையும் குறைக்கும். பெற்றாரின் மனக்குறையும் ஓரளவு தணியும்.

இதற்குப் பணம் வேண்டும் என்பதை மறைப்பதற்கில்லை. கொழும்பிலே நடக்கும் இறுதிச் சுற்றுக்கு, கொட்டாஞ்சேனை சென் பெனடிக்ற் மாணவன் பேருந்திலே ஏறிச் சில நிமிடங்களில் வந்து சேர்வான். யாழ்ப்பாணத்து மாணவனோ ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடந்து, இரவு முழுதும் உறங்காது வந்து, காலையிலே பாதணி கட்டுகிறான். மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளிலே பாதணிக்கே பணமில்லாத பிள்ளைகளும் உளர். இவர்களையும் ஒரே அட்டவணையிலே எழுதிவிட்டு ‘அகில இலங்கை’ என்று தலைப்பிடுவது எளிது. போட்டியை நடத்துவோர், தூரத்து அணிகளுக்குப் பயணச் செலவையும் ஆட்டத்திற்கு முந்திய இரவு தங்குவதற்கு இடத்தையும் வழங்கவேண்டும். இறுதியாட்டத்தையும் ஆண்டுதோறும் கொழும்பிலேயே வைக்காது, ஓராண்டு யாழ்ப்பாணத்திலும் ஓராண்டு மட்டக்களப்பிலும் ஓராண்டு பதுளையிலும் வைத்தல் தகும். அவ்வாண்டுகளிலே இரவுப் புகைவண்டியில் கண்விழிப்பது நம் கொழும்புப் பிள்ளைகளின் முறையாக இருக்கட்டும்.